ரெண்டு சர்வர் வைத்திருக்கிறீர்களா? கேஷைக் கடைசியில் பாருங்கள்

இரண்டு சர்வர் வாங்கி, ஒரே மெஷினுக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளைப் போட்டு, விஎம்களை (அந்த மெய்நிகர் கம்ப்யூட்டர்களை) ஓட்டப் போகிறேன் என்று யாராவது வந்தால், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி சும்மா கிடக்கிறது, அதை கேஷாகப் போட்டுவிடலாமா?" (என்விஎம்இ என்பது அதிவேக எஸ்எஸ்டி; கேஷ் என்பது அடிக்கடி கேட்கும் டேட்டாவை வேகமான இடத்தில் வைத்துக்கொள்வது.) நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். மூன்று வாரம் கேஷைப் பற்றியே படித்து, அதற்கென்று தனியாக டிஸ்க் வாங்கி, பேக்கப்புக்கு மட்டும் மேசை டிராயரில் கிடந்த யுஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதனால் என்ன ஆனது என்பது கீழே வரும்.

இந்த வழிகாட்டியில் வரிசையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்பது முதலில். அடுத்து பேக்கப். அப்புறம் எந்த டேட்டா எந்த டிஸ்க்கில் என்பது. கேஷ் கடைசியில். உதாரணத்துக்கு நான் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தையே எடுத்துக்கொள்கிறேன்: 25 பேர், ஒரே மாதிரியான இரண்டு பழைய ரேக் சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 128 ஜிபி ராம், எட்டு டிஸ்க் போடும் இடம். ப்ராக்ஸ்மாக்ஸ் ஏன் என்று கேட்டால், 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம், இதே வேலையைச் செய்யும் விஎம்வேரை வாங்கி, கொஞ்ச நாளிலேயே ஒரு முறை காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸை நிறுத்தியது, எங்களைப் போன்ற சின்ன இடங்கள் அப்போது மொத்தமாக இந்தப் பக்கம் வந்தோம். நீங்கள் வேறு ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) ஓட்டினாலும் கீழே உள்ள கணக்கு பெரிதாக மாறாது.

முதலில் ஒரு தாள், ஒரு பேனா

ஓடப்போகும் விஎம்களை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள்: எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கும், எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும். இதை நீங்களாக நிரப்பாதீர்கள், அந்த வேலையைச் செய்கிறவரிடம் கேளுங்கள். நான் ஆடிட்டரிடம் "ஒரு நாள் வேலை போனால் என்ன ஆகும் சார்?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஜூன்ல போச்சுன்னா சமாளிக்கலாம் தம்பி, செப்டம்பர் கடைசி வாரத்துல போச்சுன்னா ஆபீஸையே மூடிட வேண்டியதுதான்." வரித் தணிக்கை அறிக்கை போட வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. அப்படியென்றால் கணக்கை செப்டம்பரை வைத்துத்தான் போட வேண்டும்.

எங்கள் தாள் இப்படி வந்தது. டேலி ஓடும் விண்டோஸ் சர்வர், 300 ஜிபி: ஐந்து நிமிட வேலை போகலாம், ஒரு மணி நேரம் நிற்கலாம். அலுவலக மென்பொருளுக்கான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், 100 ஜிபி: அதே கதை. யூசர் லாகின் பார்க்கும் விஎம், 80 ஜிபி. ஃபைல் சர்வர், ஸ்கேன் செய்த பில்களும் பிடிஎஃப்களும், 3 டிபி: அரை மணி நேர வேலை போகலாம், அரை நாள் நிற்கலாம். கடைசியாக கேமரா பதிவு, 2 டிபி, 15 நாளில் தானாக அழிந்துவிடும்: போனால் போகட்டும்.

கேமராவைப் பாருங்கள். அதை பேக்கப் பட்டியலிலிருந்து தூக்கியதுமே அன்றாடம் மாறும் டேட்டாவில் பெரும்பங்கு கழன்றுவிட்டது. இந்தத் தாள் இல்லாமல் எல்லா விஎம்மையும் டிக் அடித்து பேக்கப் போட்டிருந்தால் டிஸ்க் முழுக்க வாட்ச்மேன் நடமாட்டம்தான் இருந்திருக்கும்.

ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது

ப்ராக்ஸ்மாக்ஸில் இசட்எஃப்எஸ் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) மீது ஒரு விஎம்மை வைத்தால், அதன் டிஸ்க்கை இன்னொரு சர்வருக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறை தானாக நகலெடுக்கச் சொல்லலாம், இதுதான் ரெப்ளிகேஷன். வேண்டுமானால் நிமிடத்துக்கு ஒரு முறை என்றும் வைக்கலாம். மாறிய பகுதி மட்டும் போகும் என்பதால் லேசான வேலை. இரண்டு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம், நிச்சயம் போடுங்கள். ஒரு சர்வர் எரிந்து போனால் இன்னொன்றில் விஎம்மைக் கிளப்பிவிடலாம், அதிகபட்சம் கடைசி நகலுக்குப் பிறகு செய்த வேலை போகும்.

ஆனால் இது தப்பையும் அதே சுறுசுறுப்போடு நகலெடுக்கும். யுஎஸ்பி டிஸ்க் கதை இதுதான். ஒரு நாள் காலை 11:50 வாக்கில் அலுவலகத்தில் ஒருவர் டேலி டேட்டா ஃபோல்டரில் பழைய கம்பெனி என்று நினைத்து நடப்புக் கம்பெனி ஒன்றின் ஃபோல்டரை அழித்துவிட்டார். 12:00 மணிக்கு ரெப்ளிகேஷன் ஓடி, இரண்டாவது சர்வரிலும் அது அழிந்தது. மாலை 4 மணிக்குத்தான் எனக்குப் போன் வந்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் ரெப்ளிகேஷன் அடுத்த நகலுக்கு ஆதாரமாகக் கடைசி ஸ்னாப்ஷாட்டை (ஒரு நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவு) மட்டும்தான் வைத்திருக்கும், பழைய தேதிக்குத் திரும்பிப் போக அதில் வழி கிடையாது. சரி, ராத்திரி பேக்கப் இருக்கிறதே என்று யுஎஸ்பி டிஸ்க்கைப் பார்த்தால், அது நிரம்பி 19 நாள் ஆகியிருந்தது. எச்சரிக்கை மெயில் ஒவ்வொரு ராத்திரியும் ஒழுங்காக வந்திருக்கிறது, என் ஸ்பேம் ஃபோல்டருக்கு. 19 நாள் கணக்கை இரண்டு பேர் நான்கு நாள் உட்கார்ந்து வவுச்சரைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்ததைத் தவிர நான் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். பிறகு தேடிப் பார்த்தபோது அவர்கள் வைத்திருந்த பேக்கப், ரெப்ளிகேஷன் வழிகள் ஐந்தில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. யாரோ சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் காப்பாற்றியது. அதையும் அவர்கள் மறைக்காமல் வெளியே எழுதினார்கள், அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

பேக்கப் பெட்டி: மூன்றாவது மெஷின் கட்டாயம்

இரண்டு சர்வர் அமைப்பு என்று பெயர், ஆனால் மெஷின் மூன்று வேண்டும். மூன்றாவது பெரிதாக இருக்க வேண்டியதில்லை, பழைய டெஸ்க்டாப் போதும். அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரைப் போடுங்கள். 2020 நவம்பரில் முதல் நிலையான பதிப்பு வந்தது, இலவசம்தான். இது விஎம் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரியான துண்டை ஒரு முறை மட்டும் சேமிக்கும். அதனால் 30 நாள் பேக்கப் என்றால் 30 மடங்கு இடம் வேண்டியதில்லை. விஎம் ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்தத் துண்டு மாறியது என்பதைக் குறித்துவைத்து அதை மட்டும் படிக்கும். விஎம்மை ஒரு முறை நிறுத்திக் கிளப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும், அடுத்த பேக்கப்பில் முழு டிஸ்க்கையும் ஒரு முறை படித்துவிட்டு மாறியதை மட்டும் அனுப்பும். "நேற்று மூன்று நிமிடம், இன்றைக்கு ஒரு மணி நேரம், ஏதோ கெட்டுப்போச்சு" என்று பதற வேண்டாம், விண்டோஸ் அப்டேட்டுக்காக யாரோ விஎம்மை நிறுத்திக் கிளப்பியிருப்பார்கள்.

டிஸ்க் விஷயத்தில் ஒரு கணக்கு சொல்கிறேன். 4 டிபி பேக்கப் என்றால் 4 எம்பி வீதம் பத்து லட்சம் துண்டுகள், அதாவது பத்து லட்சம் ஃபைல்கள். வேண்டாத துண்டுகளைக் கூட்டித் தள்ளும் வேலை ஒவ்வொரு துண்டையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க் அங்குமிங்கும் தாவிப் படிப்பதில் நொடிக்கு நூறு முறை செய்தாலே பெரிய விஷயம், ஆக இந்த ஒரு வேலைக்கே மூன்று மணி நேரம் போல ஓடும். முழுக்க எஸ்எஸ்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் எங்களைப் போல 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டை மிரர் போட்டு (இரண்டிலும் ஒரே டேட்டா), கூடவே இரண்டு சின்ன எஸ்எஸ்டிகளை இசட்எஃப்எஸ்ஸின் ஸ்பெஷல் டிவைஸாகச் சேர்த்துவிடுங்கள். ஃபைல் எங்கே இருக்கிறது, எப்போது தொட்டது போன்ற விவரங்கள் மட்டும் எஸ்எஸ்டிக்குப் போய்விடும், துண்டுகள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும். இதற்கும் மிரர் கட்டாயம். ஸ்பெஷல் டிவைஸ் செத்தால் பூல் (சேர்த்துக் கட்டிய டிஸ்க் தொகுப்பு) மொத்தமும் போச்சு. கேஷ் டிஸ்க் மாதிரி கழற்றி எறிய முடியாது, நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

எத்தனை நாள் வைப்பது? எங்களுடையது: தினப்படி 14, வாரப்படி 8, மாதப்படி 12, வருடப்படி 8. அந்த எட்டு சும்மா வரவில்லை, இந்தியக் கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். கணக்கை எலெக்ட்ரானிக்காக வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை நாள்தோறும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும் என்றும் 2022இல் விதி திருத்தப்பட்டது. ஆடிட்டர் அலுவலகத்தில் இதைத் தெரியாது என்று சொன்னால் சிரிப்பார்கள். டேலிக்கு மட்டும் ராத்திரி பேக்கப்போடு பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேக்கப்பும் எடுக்கிறோம், மாறியது மட்டும் போவதால் யாருக்கும் தெரிவதே இல்லை.

பழைய பேக்கப்பை அழித்தும் இடம் கூடவில்லையே என்று புதியவர்கள் குழம்புவதுண்டு. பேக்கப்பை நீக்குவது பட்டியலிலிருந்து பெயரை அடிப்பது மட்டும்தான். பிறகு கூட்டித் தள்ளும் வேலை ஓட வேண்டும், அதுவும் கடந்த 24 மணி நேரத்துக்குள் தொடப்பட்ட துண்டை விட்டுவைக்கும். ஒரு நாள் பொறுங்கள்.

இன்னும் முக்கியம், உரிமைகள். இரண்டு சர்வரும் பேக்கப் பெட்டிக்குள் நுழையப் பயன்படுத்தும் யூசருக்கு பேக்கப் எழுதும் உரிமை மட்டும் கொடுங்கள், அழிக்கும் உரிமை வேண்டாம். அழிக்கும் வேலையைப் பேக்கப் பெட்டியே தன் அட்டவணைப்படி செய்துகொள்ளட்டும். டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஆசாமி உங்கள் சர்வருக்குள் வந்துவிட்டால் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். அதே காரணத்துக்காக பேக்கப் பெட்டியின் ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) பாஸ்வேர்டு சர்வர்களின் பாஸ்வேர்டாக இருக்கக் கூடாது.

அப்புறம், கட்டடத்துக்கு வெளியே ஒரு நகல். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். எங்கள் வெளி நகல் ஆடிட்டர் வீட்டு மாடியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அது ராத்திரி தானே வந்து அலுவலகப் பெட்டியிலிருந்து இழுத்துக்கொள்ளும், அலுவலகத்திலிருந்து அதற்குள் நுழைய வழியே கிடையாது. முதல் நகலை இணையம் வழியாக அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். பெட்டியை அலுவலகத்தில் வைத்து நெட்வொர்க் கேபிளில் நிரப்பி, பிறகு காரில் எடுத்துப் போங்கள். அதன் பிறகு தினமும் 20 ஜிபி மாறினாலும் 100 எம்பிபிஎஸ் லைனில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எது எந்த டிஸ்க்கில்: வேகம், கிடங்கு

இப்போதுதான் சேமிப்பு அடுக்குகள். எல்லா விஎம்மையும் ஒரே பூலில் கொட்டினால் கேமரா பதிவு எழுதுகிற எழுத்தில் டேலி திணறும். அதனால் ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பூல் போட்டோம், பெயரும் வேகம், கிடங்கு என்றுதான். டேலி, டேட்டாபேஸ், லாகின் விஎம்கள் வேகத்தில், ஃபைல் சர்வரும் கேமராவும் கிடங்கில். இரண்டு சர்வரிலும் பூல் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரெப்ளிகேஷன் வேலை செய்யாது. இதைத் தெரியாமல் ஒரு சர்வரில் பூல்1, இன்னொன்றில் பூல்2 என்று வைத்துவிட்டு முழுக்க அழித்து மறுபடி போட்டவர்கள் உண்டு.

டிஸ்க் கணக்கு: இன்ஸ்டாலேஷனுக்கு இரண்டு 240 ஜிபி எஸ்எஸ்டி, மிரர். வேகம் பூலுக்கு இரண்டு 1.92 டிபி சர்வர் ரக எஸ்எஸ்டி, மிரர். கிடங்குக்கு நான்கு 8 டிபி ஹார்ட் டிஸ்க், இரண்டு மிரர் ஜோடிகளாக, 16 டிபி. ஏன் ரெய்டுஇசட் (ஒரு டிஸ்க்கின் அளவை மட்டும் பாதுகாப்புக்கு ஒதுக்கும் முறை) போடவில்லை, இன்னும் 8 டிபி கிடைத்திருக்குமே என்று கேட்பீர்கள். ஒரு ரெய்டுஇசட் கூட்டம் எத்தனை டிஸ்க் வைத்திருந்தாலும் அங்குமிங்கும் தாவிப் படிக்கும் வேலையில் கிட்டத்தட்ட ஒரே டிஸ்க்கின் வேகம்தான் தரும். விஎம்கள் செய்வதோ முழுக்க அந்த மாதிரி வேலை. சினிமா சேர்த்து வைப்பவர்களுக்கு ரெய்டுஇசட் நல்லது.

இரண்டு சர்வர் என்பதால் வரும் கணக்கு ஒன்று உண்டு, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு பூலும் தன் விஎம்களோடு பக்கத்து சர்வர் விஎம்களின் நகலையும் சுமக்கிறது. ஆக வாங்குகிற இடத்தில் பாதிதான் உங்களுடையது. இசட்எஃப்எஸ் பூலை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பதும் நல்லது. 1.92 டிபி மிரரில் 1.5 டிபிதான் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் இரண்டு சர்வரின் சூடான விஎம்களும் (வேகம் பூலில் இருப்பவை) அடங்க வேண்டும். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 500 ஜிபிக்குச் சற்றுக் குறைவு, நிம்மதி.

சர்வர் ரக எஸ்எஸ்டி என்றதும் விலையைப் பார்த்து மயக்கம் வரும். கடையில் கிடைக்கும் சாதா எஸ்எஸ்டியைப் போட்டால் என்ன? இரண்டு விஷயம். ஒன்று, சர்வர் ரகத்தில் உள்ளே கெப்பாசிட்டர்கள் இருக்கும், கரண்ட் போனாலும் கையிலிருக்கும் டேட்டாவை எழுதி முடித்துவிடும். அந்தத் தைரியத்தில் டேட்டாபேஸ் "எழுதிவிட்டாயா?" என்று கேட்டவுடன் "ஆச்சு" என்று சொல்லிவிடும். சாதா எஸ்எஸ்டி ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும், அப்போது பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தில் ஒரு துளிகூட வராது. இரண்டு, ஆயுள். நாளுக்கு ஒரு முறை முழு டிஸ்க்கையும் ஐந்து வருடம் எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் 960 ஜிபி சர்வர் எஸ்எஸ்டி, கணக்குப் போட்டால் 1,752 டிபி எழுத்து தாங்கும். 1 டிபி சாதா எஸ்எஸ்டியில் 600 டிபி என்று போட்டிருப்பதைச் சகஜமாகப் பார்க்கலாம். விலை மலிவாக இருக்கும் க்யூஎல்சி ரகம் இன்னும் மோசம். கொஞ்ச நேரம் பறக்கும், உள்ளே இருக்கும் வேகப் பகுதி நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகிவிடும். பயன்படுத்திய சர்வர் எஸ்எஸ்டி, தேய்மான சதவீதம் பார்த்து வாங்கினால், புது சாதா எஸ்எஸ்டியைவிட எனக்கு மேல்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுவது) சிஎம்ஆர் வகையா (தனித்தனித் தடங்களில் எழுதுவது) என்று பார்த்து சிஎம்ஆர் வாங்குங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க்கை மிரரில் மாற்றிப் போட்டு மறுபடி நிரப்பும்போது அது படுத்தும் பாடு சொல்லி மாளாது.

நடுவே கொஞ்சம்: கேபிளும் ஓட்டும்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டு சர்வருக்கும் நடுவே நேரடியாக ஒரு 10 ஜிகாபிட் கேபிள் போடுங்கள், ஸ்விட்ச்கூட வேண்டாம். சாதா ஜிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி, 4 டிபியை நகர்த்த 10 மணி நேரம் ஆகும். கிளஸ்டர் (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) இதயத்துடிப்புக்கு, அதாவது ஒன்றை ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கு, தனி ஜிகாபிட் வழி, 10 ஜிகாபிட் கேபிள் அதற்கு இரண்டாம் வழி. ரெப்ளிகேஷன் ஓடும் அதே வயரை மட்டும் அதற்கு நம்பாதீர்கள்.

கிளஸ்டரில் பெரும்பான்மை ஓட்டு வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஓட்டில் ஒருவர் செத்தால் மிச்சமிருப்பவருக்கு இரண்டில் ஒன்று, பெரும்பான்மை கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம் ஓடும், புதிதாக எதையும் கிளப்ப விடாது. மூன்றாவது ஓட்டுக்கு ஒரு ராஸ்பெரி பையை (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்) க்யூடிவைஸாக, அதாவது ஓட்டு மட்டும் போடும் மெஷினாக, வையுங்கள். பேக்கப் பெட்டியிலேயே போட்டால் என்ன என்று தோன்றும். அமைக்கும்போது சர்வர்களுக்கு அந்த மெஷினில் ரூட் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும், பேக்கப் பெட்டியில் அது வேண்டாம் என்பது என் கட்சி. செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பாக்கும் மென்பொருள்) பற்றிக் கேட்காதீர்கள், அது மூன்று சர்வரிலிருந்துதான் ஆரம்பம்.

தானாக விஎம்மை மாற்றிக் கிளப்பும் எச்ஏ வசதியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். ரெப்ளிகேஷனில் கடைசி சில நிமிட வேலை போயிருக்கலாம், அது யாருக்கும் தெரியாமல் நடப்பதைவிட எனக்கு மெசேஜ் வந்து, செத்த சர்வர் நிஜமாகவே அணைந்துதான் கிடக்கிறதா என்று பார்த்து, நானே அந்த விஎம்மின் கன்ஃபிக் ஃபைலை உயிரோடிருக்கும் சர்வரின் ஃபோல்டருக்கு நகர்த்திக் கிளப்புவது மேல். பத்து நிமிட வேலை. ஒரு மணி நேரம் நிற்கலாம் என்றுதான் தாளில் இருக்கிறது.

இப்போது கேஷ்

கேஷ் என்றதும் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தால் தப்பில்லை, கிட்டத்தட்ட அதே வேலைதான். சில்லறை கைக்கு எட்டும் இடத்தில், பெரிய பணம் பீரோவில். இசட்எஃப்எஸ்ஸின் கல்லாப்பெட்டி ராம், அதற்குப் பெயர் ஏஆர்சி. பழைய அமைப்புகளில் இது பாதி ராம் வரை தின்னும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் இசட்எஃப்எஸ்ஸில் புதிதாக இன்ஸ்டால் செய்தால் ராமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று கட்டிப் போடுகிறது. தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும் என்று சொல்வார்கள், கொடுக்கும், ஆனால் ஆடி அசைந்து கொடுக்கும். அதற்குள் ராம் போதாமல் லினக்ஸ் ஏதோ ஒரு விஎம்மைக் கொன்றிருக்கும்.

எவ்வளவு வைப்பது என்பதை இரண்டாவது சர்வர்தான் முடிவு செய்கிறது. எங்கள் விஎம்கள் ஒவ்வொரு சர்வரிலும் 48 ஜிபி எடுத்துக்கொள்கின்றன. ஒரு சர்வர் செத்தால் இன்னொன்று 96 ஜிபி சுமக்க வேண்டும். 128இல் 96 போனால் மிச்சம் 32, ப்ராக்ஸ்மாக்ஸுக்கும் இதர வேலைகளுக்கும் கொஞ்சம் விட்டு ஏஆர்சிக்கு 16 ஜிபி என்று நிறுத்தினோம். சாதாரண நாளில் 60 ஜிபிக்கு மேல் ராம் சும்மா கிடப்பதைப் பார்த்தால் கை அரிக்கும், விட்டுவிடுங்கள். அது பக்கத்து சர்வர் சாகும் நாளுக்கான இடம்.

அந்த என்விஎம்இயை எல்2ஏஆர்சியாகப் போடலாமா என்ற கேள்விக்கு வருவோம். ராமில் இடமில்லாமல் வெளியேறும் டேட்டாவுக்கு அது இரண்டாவது கல்லாப்பெட்டி. ஆனால் அதில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் ராமில்தான் இருக்கும். ஒரு பிளாக்குக்கு (டேட்டா துண்டுக்கு) 70 பைட் போல வைத்துக்கொண்டால், 16 கேபி பிளாக்கில் 1 டிபி எல்2ஏஆர்சிக்கு 4 ஜிபிக்கு மேல் ராம் போகும். 16இல் நாலைக் கொடுத்துவிட்டு எஸ்எஸ்டியில் தேடுவது பல நேரம் நஷ்ட வியாபாரம். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு ஏஆர்சி புள்ளிவிவரத்தைப் பாருங்கள். கேட்டதில் 90 சதவீதத்துக்கு மேல் ராமிலேயே கிடைக்கிறது என்றால் எல்2ஏஆர்சி வேண்டாம். எங்களுக்கு 94 காட்டியது. மூன்று வாரம் படித்து நான் வாங்கிய டிஸ்க் இப்போது என் லேப்டாப்பில் இருக்கிறது.

அடுத்தது ஸ்லாக். இதை எழுதும் கேஷ் என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் குழப்பிவிட்டார்கள். கணக்குப் பிள்ளைக்குச் சொல்வதென்றால் இது குறிப்பேடு, பூல்தான் பேரேடு. அவசரமாக உத்தரவாதம் கேட்கும் எழுத்தை மட்டும் முதலில் குறிப்பேட்டில் போட்டுவிட்டு "ஆச்சு" என்று சொல்லும், பேரேட்டில் சாவகாசமாக, வழக்கமாக 5 நொடிக்கு ஒரு முறை, ராமிலிருந்து ஏற்றும். கரண்ட் போய் வந்தால்தான் குறிப்பேட்டைத் திறந்தே பார்க்கும். அதனால் இதற்குப் பெரிய டிஸ்க் தேவையே இல்லை, 10 ஜிகாபிட்டில் 5 நொடிக்கு 6 ஜிபி சொச்சம்தான் வந்து சேரும், 16 ஜிபி இருந்தால் தாராளம். கெப்பாசிட்டர் உள்ள டிஸ்க்காக மட்டும் இருக்க வேண்டும். வேகம் பூலில் ஏற்கெனவே அந்த மாதிரி டிஸ்க்தான் இருக்கிறது, அதற்கு ஸ்லாக் போட்டு லாபமில்லை. கிடங்கில் டேட்டாபேஸ் இல்லை, அங்கும் வேண்டாம். ஆக எங்கள் இரண்டு சர்வரிலும் தனி கேஷ் டிஸ்க் என்று ஒன்றுமே கிடையாது. விஎம் அமைப்பில் இருக்கும் டிஸ்க் கேஷ் என்ற இடத்திலும் ஒன்றுமில்லை என்றே விட்டுவிடுங்கள், மேலே ஏஆர்சி இருக்கும்போது ராமில் இன்னொரு நகல் எதற்கு? டிஸ்கார்ட் மட்டும் டிக் அடியுங்கள், விண்டோஸில் அழித்த இடம் பூலுக்குத் திரும்பி வரும். விஎம்முக்குள் கெஸ்ட் ஏஜென்ட்டும் போடுங்கள், பேக்கப் எடுக்கும் நொடியில் ஃபைல் சிஸ்டத்தை நிறுத்திப் பிடிக்க அது வேண்டும்.

சனிக்கிழமை ரெஸ்டோர்

எல்லாம் அமைத்த பிறகு, உற்சாகம் வடிவதற்குள் ஒரு விஎம்மைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். நாங்கள் முதல் சனிக்கிழமை டேலி விஎம்மை எடுத்தோம். 300 ஜிபி, ஜிகாபிட்டில் 45 நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தேன், இரண்டரை மணி நேரம் ஆனது. பேக்கப் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கில் துண்டுகள் சிதறிக் கிடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியதால் வந்த வினை. தாளில் ஒரு மணி நேரம் என்று இருக்கிறதே? அதனால் டேலிக்கான பேக்கப்பை மட்டும் அதே பெட்டியில் ஒரு தனி எஸ்எஸ்டி ஜோடிக்கு மாற்றினோம். லைவ் ரெஸ்டோர் என்று ஒன்றும் இருக்கிறது, டேட்டா வந்துகொண்டிருக்கும்போதே விஎம் கிளம்பிவிடும், மெதுவாக ஓடும், அவசரத்துக்குப் பாவமில்லை.

அன்றைக்கே இன்னொரு கூத்து. திரும்ப எடுத்த விஎம்மை அப்படியே ஆன் செய்தேன். அதே ஐபி முகவரி, அதே பெயர். சனிக்கிழமையும் வேலை பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கு டேலி தொங்கிப்போய், என் பெயர் அந்த அறையில் நன்றாக அடிபட்டது. சோதனைக்கு எடுக்கும் விஎம்மை வேறு விஎம் எண்ணில் எடுங்கள், ஆன் செய்யும் முன் நெட்வொர்க் கார்டின் இணைப்பைத் துண்டியுங்கள், அப்புறம் உள்ளே போய்க் கடைசி என்ட்ரி எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். விஎம் கிளம்பியதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். இதை நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்கிறோம். நடுவில் பேக்கப் பெட்டியின் சரிபார்ப்பு வேலை வாரா வாரம் ஓடும். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடிப்படையான டெபியனில் பூல் ஸ்கிரப் (பூலில் இருப்பதையெல்லாம் படித்துச் சரிபார்க்கும் வேலை) மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தானாக ஓடும், அதைத் தொட வேண்டியதில்லை. எச்சரிக்கைகள் மெயிலோடு நிற்காமல் போனுக்கும் வருகின்றன. பேக்கப் முடிந்தது என்ற மெசேஜும் வரும்படி வைத்திருக்கிறேன், ஒரு நாள் காலை அது வராவிட்டால் பல் துலக்கும்போதே தெரிந்துவிடும்.

ஒரு டிஸ்க்கையும் பிடுங்கிப் பாருங்கள், நிஜமாகவே. பிடுங்கும் முன் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை டேப்பில் எழுதி முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். மிரரில் செத்த டிஸ்க்குக்குப் பதிலாக நல்ல டிஸ்க்கைக் கழற்றுவது யாருக்கும் வரக்கூடிய தவறு, அதுவும் ராத்திரி பதினொன்றரைக்கு.

கடைசியாக சாவி. வெளியே போகும் பேக்கப்பை என்கிரிப்ட் செய்திருப்பீர்கள், செய்ய வேண்டும். அந்த என்கிரிப்ஷன் சாவி எங்கே இருக்கிறது? சர்வரில். சர்வர் எரிந்தால்? மாடியில் இருக்கும் பெட்டியில் எட்டு வருடக் கணக்கும் பத்திரமாக இருக்கும், உங்களாலேயே திறக்க முடியாது. சாவியை க்யூஆர் கோடோடு காகிதத்தில் அச்சடிக்கும் வசதி ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் கிளையன்ட்டிலேயே இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று என்னிடம். இன்னொன்றை ஆடிட்டர் தன் வீட்டுப் பத்திரம் இருக்கும் பேங்க் லாக்கரில் வைத்திருக்கிறார், உறையின் மேல் "இதைத் தூக்கிப் போடக் கூடாது" என்று அவர் மனைவிக்குத் தெரியும்படி பெரிதாக எழுதி.